அக்காவுக்கு வந்தது காசநோய் அல்ல

அக்கா வீட்டு அடுப்பங்கரையில் பானை இறக்கி வைக்கும் பிரிமணைகள் வெள்ளை நிறம். வழக்கமாக வைக்கோல் பிரிமணைதான். சூடு பட்டுக் கருகும், சில மாதத்தில் உதிரும். அக்காவுடையது பாய்லர் கயிறு. அவள் புருஷன், எங்கள் மாமா, பஞ்சாலையில் நீராவிக் குழாய்களுக்குச் சூடு தாங்கும் கயிறு சுற்றுகிறவர். மிச்சத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அக்கா அவற்றைப் பிரித்து, முறுக்கி, வளையமாக்கி, உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் தெரு முழுக்கக் கொடுத்தாள். "நெருப்புல போட்டாக்கூட ஒண்ணும் ஆவாதுடி" என்று அவள் பீற்றிக்கொள்வதைக் கேட்க வேண்டும். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் நிச்சயமான சமயம், அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்திருந்தது. நெஞ்சில் நீர் என்றால் அந்த நாளில் காசநோய்தான். ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் ஓடின. சேதி தவளக்குப்பத்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா நல்லவர், ஆனால் பயந்தவர். அக்கா மணவறைப் பக்கம் வரக் கூடாது என்றார். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால், மற்ற இரண்டையும் போடுவது நாத்தனார் உரிமை. எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். "வேற யார்னா போடட்டும்டா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தது.

எடுக்க எடுக்க நீர் சேர்ந்தது. பிறகு ரத்தம் கலந்து வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சளியில் கிருமியே இல்லையே என்று அங்கிருந்த டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் உறை தடித்து மேடுபள்ளமாக இருந்தது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். "வேலையா? வூட்டுலதாம்மா இருக்கேன்" என்றாள் அக்கா. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில். கேட்டவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. "வீட்டுக்காரருக்கு என்ன வேலை? அவர் துணிய யாரு துவைக்கிறது?" அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாந்தான், வேற யாரு? உதறுனா மாவு கணக்கா பறக்கும்" என்று தொடங்கி, பிரிமணைப் பெருமை வரை கொட்டித் தீர்த்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு, உறையில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அந்த வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி மூச்சோடு உள்ளே போய், பல வருஷம் கழித்து அந்த உறையில் உண்டாக்கும் புற்றுநோய். குணமாகாது என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது ஒட்டிக்குமாம்மா?"

"ஒட்டாது."

"டேய், போய் சம்பந்திய இட்டுக்கினு வா. இந்தம்மா வாயாலயே கேக்கட்டும்."

அவர் வந்து கேட்டார். கூசிப்போய் அக்காவைக் கும்பிட்டார். தெருவில் கொடுத்த பிரிமணைகளை எல்லாம் அக்காவே திருப்பி வாங்கிவரச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னபடி, தூசி பறக்காமல் நனைத்துப் புதைத்தேன். கல்யாணத்தன்று பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, இரண்டு முடிச்சையும் அவளே போட்டாள். இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். தலைதீபாவளிக்கு அவள் இல்லை.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை முற்றினால், என் மனைவி பையோடு வாசல்வரை போவாள். பிறகு திரும்பி வந்துவிடுவாள்.

"உங்க அக்கா போட்ட முடிச்சு. நானா அவுக்கறது?"