பலகையின் காலி மூலை

என் தங்கை காய்ச்சலோடு எழுதிய நுழைவுத் தேர்வில் பொறியியல் இடம் பிடித்தாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சாலிடரிங்" என்று சிரித்த ஆய்வகத்திலேயே முதல் பரிசு வாங்கினாள். ஆண்கள் மட்டுமே இருந்த சிமுலேட்டர் கம்பெனியில் வேலையும் வாங்கினாள். இத்தனையும் வென்றவள் தன் பெயரை மட்டும் கோட்டை விட்டாள்.

சிமுலேட்டர் என்றால், தரையில் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டிப் பழகும் கூண்டு. அதன் ஜன்னல்கள் எல்லாம் திரைகள். விமானி கைப்பிடியைத் திருப்பினால் ஓடுபாதையும் அந்தக் கணமே திரும்ப வேண்டும். அந்தப் படத்தை வரைவது ஒரு மின்சுற்றுப் பலகை. பழைய பலகை அதைத் தாமதமாக வரைந்தது. ஓட்டியவர்கள் தலை சுற்றி வாந்தி எடுத்தார்கள். இவள் திரையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, பட்டைக்கு ஒரு சில்லு வரையும்படி புதுப் பலகை வடிவமைத்தாள்.

வடிவமைத்தவர் பெயரைப் பலகையின் மூலையில், செம்புக் கம்பிகளோடு சேர்த்தே பொறிப்பது அங்கே வழக்கம். பிறகு அழிக்க முடியாது. இவள் மூலையைக் காலியாக விட்டாள்.

"மொதல்ல ஓடட்டும். அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்."

ஒரே மேசையில் வேலை செய்தவனை அவள் பங்காளி என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் உரிமையோடு சாப்பிடுவான். என்னை அண்ணா என்பான். என் மனைவியின் பிரசவத்துக்காக லீவு எடுத்தவள், வரைபடத்தைப் பலகை செய்யும் ஆலைக்கு அனுப்பும் பொறுப்பை அவனிடம் விட்டாள்.

பலகை வந்தது. சோதனை விமானி இறங்கி வந்து, "பசிக்குது, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இவள் கூடவே வந்த மாற்றுப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மூலையில் பங்காளியின் பெயர்.

"என்ன பங்காளி இது?"

"எடம் காலியாத்தானே இருந்துச்சு. நீதானே வேணாம்னு விட்ட?"

மேலதிகாரியும் கையை விரித்தார். "பேரு செம்புலயே இருக்கேம்மா. நான் என்ன பண்ண?"

அன்று வீட்டில் அவள் தட்டைத் தொடவில்லை.

"நான் போய் அவனை நாலு வார்த்தை கேக்கவா?" என்றேன்.

"கேட்டா செம்பு மாறுமாண்ணா? விடு. நம்ம வீட்டுச் சோறு தின்னவன், அதான் செரிக்க மாட்டேங்குது."

வேறு கம்பெனிக்குப் போனாள். அங்கே கொடுத்த முதல் பலகையில் ஒரு கம்பியைக்கூட வரையுமுன், ஓடுமா ஓடாதா என்று தெரியாத அந்த வெற்றுப் பரப்பின் மூலையில், தன் பெயரை முழுதாக எழுதினாள். அன்று 1996 மார்ச் 11, திங்கட்கிழமை.