சவ்வுக் கிண்ணத்துக்குச் சந்தனப் பொட்டு

கண்ணுக்குத் தெரிகிற சரக்கை விற்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் விற்றது கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் ஆய்வுக்கூடச் சாமான்கள் இறக்குமதி செய்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் விற்பனைப் பிரதிநிதி. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

சாம்பிள் காட்டிய லட்சணம்

நான் விற்ற இன்சர்ட் என்பது விரல்நுனி அளவு பிளாஸ்டிக் கிண்ணம். அடிப்பாகம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. ஆய்வுத் தட்டின் குழிக்குள் இதைத் தொங்கவிட்டு, உள்ளே உயிருள்ள செல்களைப் போடுவார்கள். அவை சவ்வின் துளைகளில் நுழைந்து அந்தப் பக்கம் போகின்றனவா என்று பார்ப்பார்கள்.

எங்கள் பேக்கிங் பகுதி ஏழுமலையிடம் இதை மூச்சு வாங்க விளக்கினேன். அவர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், டம்ளருக்கு அடில பேப்பர் ஒட்னா மாரி கீது. இத்த வாங்க ஆளு கீதா?"

டீ கொடுத்த வாடிக்கையாளர்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் மலர்விழி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. புற்றுநோய் செல்கள் எப்படி நகர்கின்றன என்பது அவர் ஆய்வு. ஒரே ஒரு பெட்டி ஆர்டர் கொடுத்தார். அது வெளிநாட்டிலிருந்து வருவேனா என்றது. வருஷக் கடைசிக்குள் சோதனையை முடிக்காவிட்டால் அவருடைய ஆராய்ச்சி அந்தரத்தில் நிற்கும். வெறுங்கையோடு போகும்போதெல்லாம் திட்டு விழும் என்று பயந்துகொண்டே போவேன். அவரோ கேன்டீன் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். "நேர்ல வந்து சொல்றீங்களே, அதுவே பெருசு சார். மத்தவங்க போனையே எடுக்கறதில்ல."

ஆயுத பூஜை

ஒருவழியாகப் பெட்டி வந்தது. மறுநாள் ஆயுத பூஜை. விடுமுறை முடிந்து பெட்டியை எடுக்கப் போனால், ஏழுமலை தராசுக்கும் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைத்த கையோடு, அதையும் பிரித்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஈரச் சந்தனம் வைத்திருந்தார்!

கிண்ணத்தைக் கிருமி நீக்கி மூடிய பாக்கெட் அது; ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் காகிதம். காகிதம் நனைந்தால் கிருமி உள்ளே போய்விடும். பிறகு அது குப்பைக்குத்தான். இன்னொரு பெட்டி வருஷத்துக்குள் வராது. கண்டபடி கத்திவிட்டேன். மலர்விழியின் அவசரத்தை நான் புலம்பக் கேட்டிருந்தவர் அவர்; முகம் சுண்டிப்போயிற்று. "அந்தப் பொண்ணு பாஸாவணும்னு வேண்டிகினு தான் சார் வெச்சேன்."

பொட்டுக்குத் தீர்ப்பு

பெட்டியோடு பஸ் ஏறிப் போய் மலர்விழியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் பாக்கெட்டுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முதலில் வைத்த சிலவற்றில் பொட்டு காகிதத்தில் ஊறியிருந்தது. காகிதத்தில் பொட்டு கலைவதைப் பார்த்த ஏழுமலை, மற்றதையெல்லாம் புரட்டிப்போட்டு பிளாஸ்டிக் பக்கம் வைத்திருக்கிறார். மலர்விழி நனைந்ததை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உள்ளே எடுத்துப்போனார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வருஷம் முடியுமுன் ஆபீசுக்கு அவரே போன் செய்தார். சோதனை முடிந்துவிட்டதாம். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது; ஒரு வார்த்தை கடிந்து பேசாத அந்தப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். "செல்லெல்லாம் சவ்வைத் தாண்டிடுச்சு சார். ஏழுமலை அண்ணன் அடுத்த வருஷமும் பொட்டு வைக்கட்டும். பிளாஸ்டிக் பக்கமா வைக்கச் சொல்லுங்க, போதும்."

என்னைத் திறமைசாலி என்று கம்பெனி மெச்சியதெல்லாம், பொறுமைசாலிகள் என்னிடம் சரக்கு வாங்கியதால் வந்த பேர்தான்.