பலெர்மோவுக்குச் சங்கம் அமைக்கப் போனேன்

2015 மார்ச், ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்துக்கு ஆறு யூரோ முப்பது சதம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை. பக்கத்து இருக்கையில் என் பை மட்டும்.

நான் லண்டனில் கிளவுட் வேலை செய்கிறவன். கடைகளும் அலுவலகங்களும் தங்கள் கணக்குவழக்குகளை எங்கோ இருக்கும் கணினிகளில் இணையம் வழியாக வைத்திருக்கின்றன அல்லவா, அவற்றை வீட்டிலிருந்தபடி பார்த்துக்கொள்வது. நாள் முழுக்க ஒரு மனிதரோடு வாய் திறக்கத் தேவையில்லை. நல்ல சம்பளம், நாசமாய்ப் போன தனிமை. இதே தொழிலில் உள்ள தமிழரைச் சேர்த்து ஒரு சங்கம் வைக்க லண்டனில் இரண்டு தரம் மண்டபம் எடுத்தேன். "கட்டாயம் வாறம்" என்றவர்கள் ஒருவர்கூட வரவில்லை. அப்போதுதான் இணையத்தில் பழக்கமான அன்ரன், "பலெர்மோவிலை தொடங்குவம் அண்ணை, நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறம்" என்றான். மண்டபக் கதையை நான் அவனிடம் சொல்லவில்லை. வெட்கம்.

அன்ரன் மன்னார்ப் பிள்ளை. ஹோட்டல்களின் முன்பதிவுக் கணினிகளைப் பார்க்கிறான். வீடு நகரத்தின் சீசா என்ற பகுதியில், நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. மனைவி ஜெசிந்தா கதவைத் திறந்ததும், "என்ன அண்ணை இப்பிடி மெலிஞ்சு போனியள்?" என்றாள். முன்பின் என்னைக் கண்டவளல்ல. ஆனாலும் சொந்தத் தங்கச்சி கேட்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து பதினொன்றரைக்குக் கத்தோலிக்கக் கோவிலின் பின்னறையில் கூட்டம். நகரத்தின் மறுகோடியில் உள்ள பிரான்காச்சோவிலிருந்து பஸ் மாறி வந்தவர்கள்கூட நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர், தகப்பன் வேலை செய்யும் சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் பழங்களைப் பை நிறையக் கொண்டுவந்தார். செபம் சொல்லித் தொடங்கினோம். தொழில் பரீட்சைகளுக்குச் சேர்ந்து படிப்பது, வேலை இருந்தால் ஒருவருக்கொருவர் சொல்வது, எங்கள் ஆக்களின் சின்னக் கடைகளுக்கு உதவுவது, மாதம் ஒருமுறை நேரில் கூடுவது. எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்கள். மாதாமாதம் மலிவு விமானத்தில் வந்து போகலாம் என்று நான் மனக்கோட்டையே கட்டிவிட்டேன்.

"சரி, தலைவர் ஆர்? இரண்டு வருசமாவது இஞ்சை இருக்கவேணும்" என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பழம் கொண்டுவந்தவர் தொண்டையைச் செருமினார். "நான் ஆவணியிலை லண்டனுக்கே போய் இருக்கப்போறன்."

"எனக்கும் சித்தாதினான்சா கிடைச்சிட்டுது அண்ணை" என்றாள் ஒரு பெண். இத்தாலிக் குடியுரிமையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது கையில் வந்தால் விசா இல்லாமலே லண்டனுக்குக் கதவு திறந்த மாதிரி.

பிறகு "நானும்" என்று ஒவ்வொருவராகக் கையை உயர்த்த, சிரிப்பு வெடித்தது. அன்ரன் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளையள் இங்கிலீசிலை படிக்கவேணும் எண்டு ஜெசிந்தா ஒற்றைக்காலிலை நிக்கிறா. அதுக்கென்ன, சங்கத்தை லண்டனிலையே பதிஞ்சிடுவம். நீங்கள்தான் தலைவர்!" என்றான்.

கை தட்டினார்கள். அட கடவுளே! எந்த ஊரில் ஆள் சேரவில்லை என்று ஓடிவந்தேனோ, அதே ஊருக்குச் சங்கத்தைக் கட்டித் தந்து அனுப்புகிறார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

திங்கள் காலை எட்டரை. அன்ரன் வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு என்னை விமான நிலையப் பேருந்தில் ஏற்றிவிட வந்தான். வழியில் ஒரு கோப்பி குடித்தோம். காசு கொடுக்க அவன் என்னை விடவில்லை. பேருந்தடியில் என் பையைத் தந்துவிட்டும் அவன் போகவில்லை.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்சை மாதிரி அங்கையும் ஆக்கள் வந்து கூடுவினமோ? எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னா, ஜெசிந்தாவோடை கதைச்சு இஞ்சையே நிண்டிடுவன்."

லண்டனில் பக்கத்துத் தெருக்காரனைக் காணவே ஆறு மாதம் முன்கூட்டி நாள் குறிக்க வேண்டும். இங்கே ஒரு வார்த்தைக்கு அறை நிறைகிறது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் நிற்பான். சங்கமும் இங்கே நிற்கும். நான் மட்டும் போய் லண்டனில் ஆளில்லாத என் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். பேருந்துச் சாரதி ஹோர்ன் அடித்தான்.

"கூடுவினம்" என்றேன். "கெதியா வா, தம்பி."