இரைச்சலில் ஒரு மூச்சு

டாம்சின் ஹரல் முனைவர் பட்டம் வாங்கியது பெங்குவின்களின் குரலில். ஆயிரக்கணக்கான பறவைகள் ஒன்றாகக் கத்தும் கரையில், பேய்க்காற்றுக்கு நடுவே, ஒரே ஒரு குஞ்சின் குரலை எப்படிப் பிரித்தெடுப்பது என்று ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பட்டம் வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை.

தீவு நகரமான ஹோபார்ட்டின் துறைமுகத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் காலையில் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் விற்பாள். மதியத்துக்கு மேல் விண்ணப்பம். பெர்த், டனீடன், சுவா என்று முப்பத்தொரு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியாயிற்று. பறவை ஆய்வில் ஓர் இடம் காலியானால் இருநூறு பேர் முட்டி மோதினார்கள். கணவன் டூகல் சால்மன் மீன் பண்ணைப் படகில் வேலை செய்பவன். வருகிற மறுப்புக் கடிதங்களை வானொலிச் செய்தி மாதிரி இழுத்துப் படித்துக் காட்டுவான். அவளும் சிரித்துவிட்டு அடுத்ததை எழுத உட்காருவாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், வேலை விளம்பரத் தளத்தில் தேடும் இடத்தில் 'பறவை' என்பதை அழித்துவிட்டு 'ஒலி' என்று போட்டாள். மெல்பர்னில் ஒரு மருத்துவப் பிரிவு கண்ணில் பட்டது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சொலியை வார்டு இரைச்சலிலிருந்து பிரிக்க ஆள் தேவை. பொறியாளர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். விண்ணப்பித்தாள். இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள்.

"பெங்குவின் டாக்டர் அம்மா, இத்தோட முப்பத்திரெண்டு" என்றான் டூகல்.

"இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிரிவின் பேராசிரியை வசிலிகியைத் தொலைபேசியில் பிடித்தாள். வேலை கேட்கவில்லை. ஒலிப்பதிவு கேட்டாள். தொந்தரவு ஒழிந்தால் போதும் என்று அவர் ஐம்பது பதிவுகளை அனுப்பி, மூச்சைப் பிரித்துக் காட்டப் பத்து நாள் கெடு வைத்தார்.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய கணினி நிரல், படுக்கையோரத்து இயந்திரங்களின் கூவலையே குழந்தையென்று எடுத்துக்கொண்டது. கடற்கரையில் எதுவும் ஒரே தாளத்தில் ஒலிப்பதில்லை. இங்கே இயந்திரம் இம்மி பிசகாமல் ஒலித்தது. ஐந்தாம் நாள் அந்தத் தாளத்தை முதலில் கழித்துப் பார்த்தாள். மூச்சு கேட்டது, மெலிந்து, விட்டுவிட்டு. நாற்பத்தேழு பதிவுகளை முடித்து அனுப்பினாள். மீதி மூன்றுக்கு நேரே, 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் கணினித் திரையில் நேர்காணல்.

"இவ்வளவு சின்னக் குழந்தையைக் கையில தூக்கியிருக்கீங்களா?" என்று கேட்டார் வசிலிகி.

"இல்ல. பெங்குவினைத் தூக்கியிருக்கேன். அதுவும் லேசுல பிடி குடுக்காது."

வசிலிகி சிரிக்கவில்லை. "அந்த மூணு பதிவு எங்களுக்கும் புரியல. வேலைக்கு வந்த மத்தவங்களுக்கும் இதே பதிவுகளைத்தான் குடுத்தோம். தெரியாததைத் தெரியலன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். எப்ப வர முடியும்?"

இரண்டு வருட வேலை. பேக்கரிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஆகஸ்டில் மெல்பர்னுக்குக் கப்பல் ஏறினாள். பண்ணையில் பருவம் முடிந்ததும் டூகலும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தான். அதற்குள் அவள் அந்த மூன்று பதிவுகளில் ஒன்றிலிருந்த மூச்சைக் கண்டுபிடித்திருந்தாள்.