வேல்ஸ் பேய்களுக்கு ஊர் உண்டு

"தங்கச்சி, நீங்கள் பேய்ப் புத்தகம் வாசிக்கிறதாகக் கதைக்கினம். உண்மையோ?"

பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மரியதாஸ் அண்ணை கேட்டார். எங்கள் பங்கு கிறிஸ்மஸுக்குப் போடும் நத்தார் மலருக்கு அவர்தான் செயலாளர். மலரில் எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கிற ஆள்.

"ஓம் அண்ணை. மூண்டு புத்தகம் இருக்கு. உங்களுக்கும் ஒண்டு தரவோ?"

அவர் தன் கோப்பையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சண்டை அங்கேதான் தொடங்கியது.

பேய்க்கதை வாசிக்கிற பெண் பூசைக்கு வரலாமா? வரலாம். எனக்கு ஐம்பது வயதாகிறது. ஆட்களுக்குக் காரணம் சொல்லித் திரிகிற காலம் முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் வாயைச் சகிக்கிறவர்கள். உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

செப்டெம்பரில், கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் ஆங்கிலத் தேவாலயத்தின் பேஸ்மென்டில் பழைய சாமான் விற்றார்கள். நான் போனது குளிர்காலக் கோட் ஒன்றுக்காக. என் அளவில் கோட் இல்லை. வெறுங்கையோடு திரும்ப எரிச்சலாக இருந்தது. புத்தக மேசையில் தடித்ததாக ஒன்றை எடுத்தேன். வேல்ஸ் நாட்டுத் திகில் கதைகளின் தொகுப்பு. எழுதியவர்கள் எல்லோரும் வேல்ஸ்காரர். கதைகள் நடப்பதும் வேல்ஸில்தான்.

தேவாலயத்திலேயே பேய்ப் புத்தகம் விற்கிறார்கள். கூரை இடிந்து விழவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு களஞ்சியத்தில். பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிறேன். பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். இந்த நகரத்தில் கார் இல்லாதவள் ஒன்று தூங்கவேண்டும், அல்லது வாசிக்கவேண்டும். எனக்கு பஸ்ஸில் தூக்கம் வராது.

முதல் பக்கத்தைத் திறந்தேன். கதை இல்லை — வரைபடம். வேல்ஸ் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதை. இன்ன ஊர், இன்ன பாலம், இன்ன கல் குவாரி.

நானும் நிறையப் பேய்க்கதை வாசித்தவள்தான். எங்கள் சஞ்சிகைகளில் பேய் எங்கே இருக்கும்? ஒரு பாழடைந்த பங்களாவில். எந்த ஊர் பங்களா? தெரியாது. மழை பெய்யும், வெள்ளைச் சேலை வரும், கதவு கிரீச்சிடும்... முடிந்தது. முகவரி இல்லாத பெட்டி எங்கள் களஞ்சியத்தில் மூலையில் கிடக்கும், எங்கேயும் போய்ச் சேராது. இந்தக் கதைகளும் அப்படித்தான்.

வேல்ஸ்காரர் வேறு மாதிரி. ஒரு கதையில், சாவு விழப்போகிற வீட்டிலிருந்து ஒரு சின்ன வெளிச்சம் புறப்பட்டு இடுகாட்டுக்குப் போகிறது. அந்த நாட்டில் பழைய நம்பிக்கையாம் அது. எந்த வழியாகப் போகிறது? தபாற்கந்தோரைத் தாண்டி, இறைச்சிக்கடைக்காரரின் வேலியோரமாக, ஓடையைக் கடந்து. இரண்டு நாள் கழித்துச் சவப்பெட்டி அதே வழியில் போகிறது. இறைச்சிக்கடைக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு மட்டும் தெரியும். என் முதுகு சில்லிட்டது. பஸ்ஸில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒருவர் டோனட் தின்றுகொண்டிருக்கும்போது.

இன்னொரு கதையில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். வேலை போய்விட்டது, ஊரில் ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் விடியற்காலையில் தெருவில் சப்பாத்துச் சத்தம் மட்டும் வேலைக்குப் போகிறது. பேய் எதற்கு? அந்தச் சத்தமே போதும். இதை எழுதியவர் யார் என்று பின்பக்கம் பார்த்தேன். தபால்காரர். மற்றவர்களும் அப்படித்தான். ஒரு ரீச்சர், ஒரு போதகர், ஒரு சுரங்கத் தொழிலாளியின் விதவை. பெரிய பட்டம் ஒன்றும் இல்லை. தங்கள் ஊரைத் தெரியும், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய விஷயம்.

ஒன்று போதவில்லை. நகரத்தில் ஓர் ஆங்கிலப் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். முதலாளி தலை நிமிராமல், "இங்கிலாந்துத் தட்டில் பாருங்கள்" என்றார். அங்கே இல்லை. பிரெஞ்சுக் கடை ஒன்றில் நின்ற பெண்ணிடம் போய், அதே எரிச்சலில், இங்கிலாந்துத் தட்டு எது என்று கேட்டேன். எந்தப் புத்தகம் என்று கேட்டாள். சொன்னேன்.

"வேல்ஸ் இங்கிலாந்து இல்லை, மடாம்."

அவள் சொன்ன குரல் இருக்கிறதே... கியூபெக்காரரிடம் போய் நீயும் ஒன்ராறியோக்காரனும் ஒன்றுதானே என்று கேட்டால் வருகிற குரல். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இருவருமாகத் தேடினோம். இரண்டாவது தொகுப்பு பயண நூல்களுக்குள் இருந்தது. வரைபடம் இருந்ததால் யாரோ அங்கே வைத்துவிட்டார்கள். மூன்றாவதை மூன்று வாரம் கழித்து அவளே கண்டுபிடித்து எனக்கு ரெலிபோன் எடுத்தாள். இதில் பாதிக் கதைகள் வெல்ஷ் மொழியில் எழுதி, பிறகு ஆங்கிலமானவை. சின்ன மொழி. பக்கத்தில் பெரிய மொழி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இவர்கள் என்ன செய்தார்கள்? அழவில்லை. பேய்க்கதை எழுதினார்கள்.

ஒரு ஞாயிறு அக்காவின் வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். அக்காவின் கணவர் அந்தோனி அத்தான் மன்னார்க்காரர், நறுவிலித்துறை. இளமையில் கடலுக்குப் போனவர், இப்போது துறைமுகத்தில் கொன்டெய்னர் இறக்குகிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கொப்பியை என் கையில் தந்தார்.

"பிள்ளை, பஸ்ஸிலை வாசிச்சுப் பார். பேந்து எறிஞ்சு விடு."

ஆறு பக்கம், அவருடைய கையெழுத்தில். நறுவிலித்துறைக் கோயிலுக்கு வடக்கே மீனவர்களின் வாடி — கரையில் போட்ட ஓலைக் கொட்டில். பொழுது சாயும்போது வெளியே ஒரு குரல் கேட்கும்: "உப்பு இருக்கோ?" பொழுதுபட்ட பிறகு உப்புக் கொடுக்கக்கூடாது. யாரும் கொடுப்பதில்லை. ஒரு நாள் ஒருவன் பொறுக்காமல் கேட்கிறான்: "கடல் முழுக்க உப்புக் கிடக்கு. என்னட்டை ஏன் கேக்கிறாய்?" வெளியே இருந்து பதில் வருகிறது: "அம்மா பாக்கும்வரைக்கும் நான் பழுதாகாமல் கிடக்கவேணும்."

அவ்வளவுதான் கதை. நான் இறங்கவேண்டிய இடத்தை பஸ் தாண்டிவிட்டது. நான் எழும்பவில்லை.

எறிவதா? நேரே மலர்க் குழுவுக்குக் கொண்டுபோனேன். நவம்பரில் கூட்டம். மரியதாஸ் அண்ணை வாசித்தார். கல் நெஞ்சக்காரர் இல்லை அவர், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"கதை நல்லது, தங்கச்சி. ஊர் பேரை மட்டும் எடுத்துவிடுவம். 'கடலோரக் கிராமம் ஒன்று' எண்டு போட்டால் காணும்."

"ஏன்?"

"நறுவிலித்துறை ஊர்ச்சங்கம் எங்களைச் சும்மா விடுமோ? அந்த ஊரிலை பேய் எண்டு எழுதினால் நாளைக்குச் சம்பந்தம் பேசுறவை என்ன நினைப்பினம்?"

நான் மூன்று வேல்ஸ் புத்தகங்களையும் மேசையில் போட்டேன். வரைபடத்தைத் திறந்தேன்.

"இஞ்சை பாருங்கோ, ஊர் ஊராய்ப் பேய். இந்த ஊர்களிலை ஒருத்தரும் கலியாணம் கட்டேல்லையோ?"

"அவை வெள்ளைக்காரர்."

"வெள்ளைக்காரருக்கு மாமியார் இல்லையோ?"

கூட்டத்தில் இருந்த பங்குப் பாதர் சிரித்தார். மரியதாஸ் அண்ணை சிரிக்கவில்லை. ஊர் பெயர் போகும், இல்லாவிட்டால் கதையே போகும் — அதில் அவர் அசையவில்லை. நான் இன்னும் கத்தியிருப்பேன். அதற்குள் கதவடியில் கோட்டோடு நின்ற அத்தான் பேசினார். என்னை ஏற்றிக்கொண்டு போக வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அது என்ரை அண்ணை. கடலுக்குப் போனவர், உடம்பு கிடைக்கேல்லை. அம்மாவும் அவரைக் காணாமலே கண்ணை மூடிட்டா. கல்லறை இல்லை. ஊர் பேரையும் எடுத்தால்... அவர் எங்கை நிக்கிறது?"

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த மனிதர். அக்கா கூட இதை என்னிடம் சொன்னதில்லை.

பாதர்தான் கடைசியில் சொன்னார். "ஊர் பேர் இருக்கட்டும்." சொல்லிவிட்டு என் புத்தகங்களில் ஒன்றை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

மலர் நத்தாருக்கு வந்தது. ஒரு கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. எனக்கு. ஒருவர் தங்கள் ஊர்க் கிணற்றில் இருப்பது இதைவிடப் பழசு என்றார். ஒரு அம்மா, தங்கள் ஊர்ப் பேயை விட்டுவிட்டு எப்படி மலர் போடலாம் என்று ஏசினார். மூன்றாவது அழைப்பு யாருடையது? மரியதாஸ் அண்ணை.

"தங்கச்சி, எங்கடை ஊர் ஆலடியிலையும் ஒண்டு இருக்கு. ஊர் பேரைப் போடுங்கோ. என்ரை பேரைப் போடாதேங்கோ."

ஆனால் அத்தானுக்கு வந்த அழைப்புத்தான் நாங்கள் பயந்துகொண்டிருந்தது. போன ஞாயிறு, அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அடித்தது நறுவிலித்துறை ஊர்ச்சங்கத் தலைவர். எழுபது தாண்டிய மனிதர், அவர் குரல் ரெலிபோனுக்கு வெளியே கேட்கும்.

"அந்தோனி, மலர் பாத்தன். என்ன எழுதி வைச்சிருக்கிறீர்?"

அத்தானின் கை சோற்றில் நின்றுவிட்டது. "அண்ணை, பிழையாய் நினைக்காதேங்கோ —"

"பிழைதான். வாடி கோயிலுக்கு வடக்கையோ இருந்தது? வடக்கை எங்கை வாடி? தெற்கை. உம்மடை அண்ணர் போன வள்ளம் தெற்குப் பக்கத்தாலைதான் இறக்கினது. நான்தான் தள்ளிவிட்டனான்."

மறுபக்கத்தில் கிழவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"நான் அப்ப சின்னப்பிள்ளை, அண்ணை," என்றார் அத்தான். "எனக்குத் திசை தெரியேல்லை."

"அதுதான் சொல்லுறன். திருத்தி எழுதும். ஆள் நிக்கிற இடம் சரியாய் இருக்கவேணும்."

அத்தான் ரெலிபோனை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினார். பிறகு என்னிடம், "பிள்ளை, உன்ரை பேப்பரிலை போடுவியோ?" என்றார்.

போடுகிறேன். திருத்தம்: நறுவிலித்துறையில் வாடி இருந்தது கோயிலுக்குத் தெற்கே. பிழைக்கு வருந்துகிறோம்.