ராசுவுக்குப் புதுக் காது

போன வாரம் ஒரு காலையில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து மதினி போன் செய்தார். என் அண்ணன் மனைவி, பேச்சியம்மாள்.

"கொழுந்தனாரே, ராசுவக் காணோம்."

ராசு, அவர் வளர்க்கும் வெள்ளைச் செம்மறிக் கிடா. பிறந்ததுமே தாயை இழந்தவன். மதினிதான் புட்டிப்பால் கொடுத்து ஆளாக்கினார். முந்தின நாள் மேயப் போனவன் திரும்பவில்லை. மதினி தூங்கவே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஆடு தேடத் தெரியாது. ஆனால், போஸ்டர் செய்யத் தெரியும்... அதாவது, என் போனில் இருக்கும் ஆப்புக்குத் தெரியும். ரெடிமேட் டிசைன் ஒன்றைத் தொட்டேன். ராசுவின் போட்டோவை வைத்தேன். மதினியின் நம்பரை அடித்து, 'அழகுபடுத்து' பட்டனை அமுக்கினேன். டீ ஆறுவதற்குள் போஸ்டர் ரெடி! தெரிந்த குரூப்புக்கெல்லாம் தட்டிவிட்டு, கடைசியாக மதினிக்கும் அனுப்பினேன்.

உடனே போன்.

"இது யாரு?"

"நம்ம ராசுதான் மதினி."

"அவனுக்கு எடது காது கிழிஞ்சிருக்கும்ல? கண்ணுக்குக் கீழ இருந்த கருப்புப் புள்ளி எங்க? இது என்னமோ கல்யாண மாப்பிள்ள மாதிரில்ல நிக்கிது."

பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். புள்ளியை அழுக்கு என்று நினைத்து ஆப் துடைத்துவிட்டது. கிழிந்த காதையும் ஒட்டிவிட்டது. அழகுபடுத்துவதை எடுத்தால், ராசு பின்னாலிருக்கும் வைக்கோலோடு கலந்து காணாமல் போகிறான். போட்டால், காது வளர்ந்துவிடுகிறது. 'முகத்தை வெளிச்சமாக்கு, காதைத் தொடாதே' என்று சொல்ல அதில் இடமே இல்லை!

அதற்குள் மதினிக்கு போன்கள் வரத் தொடங்கின. வெள்ளைக் கிடா நிற்கும் ஊரிலிருந்தெல்லாம். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தார். எதுவும் ராசு இல்லை.

மதினியைப் பாளையம்பட்டிக்கு வரச் சொன்னேன். அங்கே டிசைன் சென்டர் வைத்திருக்கும் கணேசன், என்னோடு படித்தவன். பெரிய சாஃப்ட்வேரில்தான் வேலை செய்வான். ஆப் என்றாலே அவனுக்கு ஆகாது.

"ஏலே, காதையே காணாமப் பண்ணிட்டு காணவில்லைன்னு போஸ்டரா?" என்று சிரித்தவன், காதின் கிழிசலைத் தனியாக எடுத்துத் தெளிவாக்கினான். புள்ளி பளிச்சென்று வந்தது. அசல் ராசு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முடியுமா? கையில்தான் எல்லா அதிகாரமும் இருக்கிறதே! கொம்புக்கு நிழல் கொடுத்தான். 'காணவில்லை'யின் கலரை மாற்றினான். மறுபடி பழைய கலருக்கே வந்தான். ஃபான்ட் தேட ஆரம்பித்தான்.

பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, இத ராசு வந்து பாத்து சரின்னு சொல்லணுமா?"

கணேசன் மவுசை விட்டுவிட்டான். பிரின்ட் வெளியே வந்தது.

பரளச்சி ரோட்டில் இருக்கிற டீக்கடைகளில் எல்லாம் ஒட்டினோம். புதுப் படத்தை குரூப்பிலும் போட்டேன். சாயங்காலம் பரளச்சியிலிருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கூப்பிட்டார்.

"காது கிழிஞ்ச கிடா ஒண்ணு நேத்தே எங்க மந்தையில சேந்துருச்சும்மா. காலையில வந்த படத்துல காது நல்லா இருந்துச்சு. அதான் இது வேற கிடான்னு இருந்துட்டோம்."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

நாங்கள் பரளச்சிக்குப் போனதும், ராசு மந்தையை விட்டு ஓடிவந்து அவர் புடவை முந்தானையை மென்றான். மதினி திட்டிக்கொண்டே அழுதார்.

எளிதாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஆப்பிடம் விட்டால், நம் ஆடு யாரோ ஒருவருடைய ஆடாகிவிடுகிறது. எல்லாம் நம் கையில் இருந்தாலோ, ஆடு வந்து சேர்ந்த பிறகும் போஸ்டர் முடியாது. எதைத் தொடக்கூடாது, எப்போது நிறுத்த வேண்டும்... இந்த இரண்டுக்கும் இதுவரை எந்த சாஃப்ட்வேரிலும் பட்டன் வரவில்லை.

அதுவரைக்கும், பக்கத்தில் ஒரு மதினி இருப்பது நல்லது.