டாக்டர் இடத்தில் என் கையெழுத்து

நெய்வேலி டவுன்ஷிப் மருத்துவமனை ஒன்றில், குடலிறக்க ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தை நர்ஸ் நீட்டினார். மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்கவே மாட்டேன் என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல், படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பக்கத்து நாற்காலியில் கிராப்பு வெட்டிய ஓர் அம்மா, பிஸ்கட் உறையைக்கூட விரல் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த விரல் என் படிவத்துக்குத் தாவியது.

"ஏங்க, டாக்டர் போடுற இடத்துல போட்டிருக்கீங்களே! உங்க வயித்த நீங்களே கிழிச்சிக்கப் போறீங்களா?"

"சுரங்கத்துல கான்ட்ராக்ட் ஆளுங்கம்மா. பேப்பர நீட்டுனா போட்டுகினே இருப்பேன். நீங்க?"

"காலேஜ்ல மருத்துவச் சட்டம் நடத்துறேன்."

யாரைப் பார்த்தாலும் வேலை நிரந்தரமா என்று கேட்கும் டவுன்ஷிப் வாய் சும்மா இருக்குமா? "பர்மனென்ட்டுங்களா?"

"பதினோரு வருஷமா நானும் கான்ட்ராக்ட்தான்!" என்று சிரித்தார். "அதுக்காகக் கேள்வி கேக்காம இருப்பனா? நீங்களும் கேளுங்க."

புதுப் படிவத்தோடு டாக்டரே வந்தார். கேட்டுவிட்டேன்: "முழிச்சிகினே பண்ணிக்க முடியாதுங்களா?"

"தாராளமா. இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வெச்சிடலாம்."

நான் மூச்சு விடுவதற்குள் அந்த அம்மா எழுந்து நின்று கைதட்டினார். நர்ஸ் முறைத்தார். முன்பின் தெரியாத ஒருவன் கேட்ட ஒரே கேள்விக்கு, பர்மனென்ட் ஆர்டரே கைக்கு வந்ததுபோல் அவர் ஏன் அப்படித் துள்ளினார்? இன்றுவரை யோசிக்கிறேன்.